ஒரு கட்டை மட்டும் ஒலிக்கவில்லையா? கீபோர்டு பழுதுகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி சின்தசைசர் கீபோர்டுகளில் ஒன்றிரண்டு கட்டைகள் பழுதாவதைப் பற்றியவை. அவற்றில் பல, "புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று யாரோ சொன்ன பிறகு மனம் ஒப்பாமல் எழுதப்பட்டவை. ஒரே குறையைப் பலர் எழுதியிருப்பதால், அதிகம் பேருக்குப் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து விடையளிக்கிறேன்.

தூத்துக்குடி வாசகர்: எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கு நான் கீபோர்டு வாசிக்கிறேன். 61 கட்டைகள் கொண்ட அதில், நடு ஸ்தாயியில் உள்ள எஃப் ஷார்ப் கட்டை சில மாதங்களாகத் தொல்லை தருகிறது. மெதுவாக அழுத்தினால் ஒலியே வருவதில்லை. சற்று அழுத்தி வாசித்தால் பக்கத்துக் கட்டைகளைவிடப் பல மடங்கு உரக்க ஒலிக்கிறது. பழுதுபார்ப்பவர், உள்ளே போர்டு போய்விட்டது என்கிறார். உண்மையாக இருக்குமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், போர்டு போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் கட்டையின் காண்டாக்டில், அதாவது அழுத்தும்போது மின்தொடர்பு ஏற்படும் இடத்தில், அழுக்கு படிந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை முதலில் விளக்கிவிட்டுச் சுத்தம் செய்யும் முறைக்கு வருகிறேன். காரணம் தெரியாமல் கருவியைத் திறப்பதால்தான் பல கீபோர்டுகள் ஒரு பழுதோடு உள்ளே போய் மூன்று பழுதுகளோடு வெளியே வருகின்றன.

இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் கட்டைகளுக்கு அடியில் நீண்ட சர்க்யூட் போர்டு ஒன்றும், அதன்மேல் மென்மையான ரப்பர் பட்டைகளும் இருக்கும். டி.வி. ரிமோட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. பட்டையில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குமிழ் உண்டு. குமிழின் உட்புறத்தில், மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு கரிய கார்பன் பொட்டுகள் ஒன்றைவிட ஒன்று சற்றே உயரமாக அமைக்கப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தியதும் ஒரு பொட்டு முதலிலும், மற்றது சில மில்லி வினாடிகள் கழித்தும் போர்டின் தடங்களைத் தொடுகின்றன. நீங்கள் எவ்வளவு அழுத்தமாக வாசித்தீர்கள் என்பதைக் கருவி நேரடியாக அறிவதில்லை. இந்த இரண்டு தொடுகைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, இடைவெளி சிறிதாக இருந்தால் விரல் வேகமாக இறங்கியது என்றும், நீண்டிருந்தால் மென்மையாக இறங்கியது என்றும் கணித்து, அதை 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது.

இப்போது உங்கள் எஃப் ஷார்ப் கட்டைக்கு வருவோம். முதல் பொட்டில் அழுக்கு படிந்திருந்தால் அது தொட வேண்டிய நேரத்தில் தொடாது. விரல் மேலும் அமுக்கும்போது, ஏறக்குறைய இரண்டாவது பொட்டு தொடும் அதே கணத்தில்தான் தொடும். இடைவெளி அநேகமாக இல்லாமற்போவதால், நீங்கள் எவ்வளவு மென்மையாக வாசித்தாலும் கருவி அதை அதிவேக அடியாகக் கணக்கிட்டு முழு உரத்தில் ஒலிக்கிறது. மெதுவாக அழுத்தும்போது முதல் பொட்டு தொடவே இல்லையென்றால், பல கருவிகள் ஒலியே தருவதில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் இந்த ஒரே காரணத்தில் அடங்கிவிடுகின்றன. இரண்டாவது பொட்டு அழுக்காகியிருந்தால் நிலைமை வேறு: அப்போது கட்டை ஊமையாக இருக்கும், அல்லது மிகவும் அழுத்தினால் மட்டும் சன்னமாக ஒலிக்கும்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் இவற்றை அவசியம் செய்யுங்கள். முதலில், டச் ரெஸ்பான்ஸ் எனப்படும் அழுத்த உணர்வை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். எஃப் ஷார்ப் மற்றவற்றுக்குச் சமமான உரத்தில் ஒலித்தால், குறை அழுத்தத்தை அளக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அடுத்து, டிரான்ஸ்போஸ் பொத்தானால் சுருதியை அரைக் கட்டை உயர்த்துங்கள். இப்போது எஃப் கட்டையை அழுத்தினால் எஃப் ஷார்ப் ஒலி வர வேண்டும். அது தெளிவாக வந்து, பழைய எஃப் ஷார்ப் கட்டை இப்போதும் முரண்டு பிடித்தால், ஒலியை உருவாக்கும் பகுதி நலமாக இருக்கிறது என்பதும், பழுது அந்த ஒரு கட்டைக்கு அடியில் மட்டுமே இருக்கிறது என்பதும் உறுதியாகிவிடும். கருவியை யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் இணைத்து, மிடி செய்திகளை (எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்று கருவி அனுப்பும் எண்களை) காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். பக்கத்துக் கட்டைகள் 50, 60 என்று காட்டும்போது இது மட்டும் 127 என்று காட்டினால் வேறு சான்று தேவையில்லை.

திறக்கும்போது அடாப்டரையும் பேட்டரிகளையும் நீக்கிவிடுங்கள். கருவிக்கு அடாப்டர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட் மின்சாரம் செல்லும் வகை என்றால், ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பவர் சப்ளையின் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அந்தப் பகுதியை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம். மெத்தை விரிப்பின்மேல் கருவியைக் கவிழ்த்து வைத்து, அடித்தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். அவை ஒரே நீளமாக இருப்பதில்லை. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் அது மேல்மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே, ஓர் அட்டையில் கீபோர்டின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டுகளை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் பூட்டை விடுவித்த பிறகே எடுங்கள்.

கட்டைகள் அமைந்த விதம் மாடலுக்கு மாடல் மாறும். விலை உயர்ந்தவற்றில் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக எடுக்கலாம். விலை குறைந்தவற்றில் ஒரு ஸ்தாயியின் வெள்ளைக் கட்டைகள் இரண்டு தொகுதிகளாகவும், கறுப்புக் கட்டைகள் ஒரு தொகுதியாகவும் வார்க்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்கப்பட்டிருக்கும். அப்படியானால் முழு ஸ்தாயியையும் எடுத்தாக வேண்டும். சில கருவிகளில் கட்டைகளைத் தொடாமலேயே, அடியிலுள்ள போர்டை மட்டும் கழற்றி ரப்பர் பட்டையை அடையலாம். எது எளிது என்று ஐந்து நிமிடம் நிதானமாகப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரப்பர் பட்டை, போர்டின் துளைகளில் செருகப்பட்ட சிறு காம்புகளால் நிற்கிறது. ஒரு முனையிலிருந்து மெல்லத் தூக்கினால் வந்துவிடும். கார்பன் பொட்டுகளை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசையே ஒரு புதிய பழுதுக்குப் போதும். போர்டின் தடங்களை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரே திசையில் துடையுங்கள். பொட்டுகளை மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி போன்ற நூல் உதிராத துணியை நனைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, கார்பன் பூச்சு மிக மெல்லியது. உங்கள் ஊரின் உப்புக் காற்றும், ஆலயத்தின் மெழுகுவர்த்திப் புகையும் சேர்ந்து படிவதால், ஒரு கட்டை அழுக்கானால் அடுத்தவையும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். திறந்ததுதான் திறந்தீர்கள், 61 கட்டைகளின் காண்டாக்டுகளையும் சுத்தம் செய்துவிடுங்கள்.

பட்டையைத் திரும்பப் பொருத்துவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே ஒரு காம்பு துளையில் முழுமையாக இறங்காவிட்டாலும் அந்த இடத்தில் பட்டை மேடாகி, பக்கத்துக் கட்டைகள் தானாக ஒலிக்கத் தொடங்கும். காம்பில் ஒரு துளி ஆல்கஹால் தடவினால் எளிதாக வழுக்கி இறங்கும். கூர்மையில்லாத குச்சியால் அழுத்துங்கள், ஊசியால் வேண்டாம். ஆல்கஹால் முழுவதும் உலர்ந்த பிறகு, எல்லா ஸ்க்ரூக்களையும் பூட்டுவதற்கு முன்பே ஒருமுறை மின்சாரம் கொடுத்து எல்லாக் கட்டைகளையும் வாசித்துப் பாருங்கள். அடாப்டரில் இயங்கும் கருவிகளுக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்; நேரடி மின்சாரக் கருவியை மூடிய பிறகே இயக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எஃப் ஷார்ப் சரியாகவில்லை என்றால், நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு கட்டைகளுக்கு ஒரு பட்டை என்று அமைந்த கருவிகளில், நடு ஸ்தாயியின் பட்டையையும் அதே அளவுள்ள பக்கத்து ஸ்தாயியின் பட்டையையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுது பட்டையோடு சேர்ந்து அடுத்த ஸ்தாயியின் எஃப் ஷார்புக்குப் போய்விட்டால், பொட்டு தேய்ந்துவிட்டது. புதிய பட்டை வாங்கினால் போதும். பழுது அதே இடத்தில் நின்றால், போர்டின் தடமோ, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும், அந்தக் கட்டைக்குரிய டயோடு என்ற சிறு பாகமோ காரணம். மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் நல்ல சிலிக்கான் டயோடு ஒரு திசையில் ஏறக்குறைய 0.6 வோல்ட் காட்டும், மறுதிசையில் எதையும் காட்டாது. டயோடு கெட்டிருந்தால்கூட, சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) தெரிந்த எவரும் மாற்றித் தரக்கூடிய மிகச் சிறிய பொருள் அது. போர்டே போய்விட்டது என்று சொல்பவரிடம், இந்த இடமாற்றுச் சோதனையைச் செய்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மதுரை வாசகர்: காண்டாக்டுகளைச் சுத்தம் செய்ய ஆல்கஹாலுக்குப் பதிலாகப் பெட்ரோல், தின்னர், துரு நீக்கும் ஸ்ப்ரே ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா? அழிரப்பரால் தேய்த்தால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்களே?

பதில்: நான்கும் வேண்டாம். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் கட்டைகளின் பிளாஸ்டிக்கைக் கரைத்து மங்கச் செய்துவிடும். பெட்ரோல் ரப்பரை உப்பச் செய்யும். தீப்பிடிக்கும் ஆபத்து தனி. துரு நீக்கும் ஸ்ப்ரேக்கள் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்பவை. அடித்த அன்று கட்டை ஒலிக்கும், பிறகு அந்தப் படலமே தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கருவியைத் திறக்காமல் கட்டைகளின் இடுக்கு வழியாக ஸ்ப்ரே அடிப்பதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன், ஏனெனில் அழுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே அது சென்று சேருவதே இல்லை. அழிரப்பர், போர்டில் அச்சிடப்பட்ட கார்பன் தடத்தைத் தேய்த்து எடுத்துவிடும். அதன் துகள்களும் உள்ளே தங்கும்.

கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் எளிதாக வாங்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதக் கரைசலில் எஞ்சியது பெரும்பாலும் தண்ணீர். வேறு வழியில்லை என்றால் அதைப் பயன்படுத்தி, நீண்ட நேரம் உலரவிடலாம். வாசனையும் நிறமும் சேர்த்த கைச்சுத்தித் திரவங்கள் கூடாது. சன்னலைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பு இல்லாமல் வேலை செய்யுங்கள்.

திருச்சி வாசகர்: மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கிறேன். கச்சேரிக்காக வேனில் நெடுந்தூரம் சென்று இறக்கியபோது, கீபோர்டில் எட்டுக் கட்டைகள் ஒன்றும் பேசவில்லை. அவை அடுத்தடுத்து இல்லை. எண்ணிப் பார்த்தால், ஒவ்வோர் எட்டாவது கட்டையும் ஊமையாக இருக்கிறது. இத்தனை கட்டைகள் ஒரே நாளில் கெடுமா?

பதில்: கெடாது. நீங்கள் எண்ணிப் பார்த்ததற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்; அந்த எண்ணிக்கையிலேயே விடை இருக்கிறது.

61 கட்டைகளுக்கு இரண்டிரண்டாக 122 காண்டாக்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுப்பது இயலாத காரியம் என்பதால், கட்டைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாகச் சில கம்பித் தடங்களை ஓடவிட்டு, கருவியின் புராசசர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்கும்படி அமைக்கிறார்கள். பல கருவிகளில் இந்தக் கட்டம் எட்டுக்கு எட்டு. ஒரு குறுக்குத் தடம் அறுந்தால் அடுத்தடுத்த எட்டுக் கட்டைகள் ஊமையாகும். ஒரு நெடுக்குத் தடம் அறுந்தால் ஒவ்வோர் எட்டாவது கட்டையும் ஊமையாகும். வேறு சில கருவிகளில் ஆறு ஆறாகப் பிரித்திருப்பார்கள்; அங்கே ஒவ்வோர் ஆறாவது கட்டை. ஆகவே, ஊமையான கட்டைகள் சீரான இடைவெளியில் இருந்தால் ரப்பரையும் கார்பனையும் நினைக்கவே தேவையில்லை.

வேனின் குலுக்கலில் ரிப்பன் கேபிள் தன் கனெக்டரிலிருந்து சற்றே நழுவியிருக்கலாம். கருவியைத் திறந்து, கட்டைப் போர்டிலிருந்து தாய்ப் போர்டுக்குச் செல்லும் கேபிளைக் கழற்றி, முனைகளை ஆல்கஹாலால் துடைத்து, நேராகச் செருகிப் பூட்டுங்கள். நீண்ட கீபோர்டுகளில் கட்டைப் போர்டே இரண்டு துண்டுகளாக இருந்து இடையில் ஓர் இணைப்புக் கேபிள் இருக்கும், அதையும் பாருங்கள். பயனில்லை என்றால் கனெக்டரின் கால்களில் சால்டர் விரிசல் விட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் தேடுங்கள். காலைச் சுற்றி மயிரிழை போன்ற வட்டக் கோடு தெரிந்தால் அதுதான் பழுது. மறுபடி சால்டர் செய்தால் தீர்ந்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். 61 என்ற எண் ஆறாலும் சரியாக வகுபடாது, எட்டாலும் வகுபடாது. ஆறாறாகப் பிரித்த கருவியில் கடைசி சி கட்டை மட்டும் தனியாக ஒரு தடத்தில் நிற்கும். ஆகவே கோடியில் உள்ள அந்த ஒரு கட்டை மட்டும் ஊமையானால், அழுக்கோடு சேர்த்துத் தடத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

யாழ்ப்பாண வாசகர்: 1990களில் வாங்கிய சின்தசைசர் என்னிடம் உள்ளது. நடுவில் உள்ள ஒரு டி கட்டை, பின்பக்கத்தில் மெல்லியதாக இருக்கும் பிளாஸ்டிக் பகுதியில் முறிந்து விட்டது. உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. ஒட்டுப் பசை போட்டேன், இரண்டு நாளும் நிற்கவில்லை. அத்துடன், சில கட்டைகளுக்கு அடியில் பிசுபிசுப்பான சிவப்புப் பசை வழிந்திருப்பதையும் கண்டேன். அது என்ன?

பதில்: முறிந்த இடம், கட்டையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வளைந்து கொடுக்க வேண்டிய இடம். உடனடியாக ஒட்டும் பசைகள் காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்துவிடுவதால் அந்த வளைவைத் தாங்கமாட்டா. எனவே மீண்டும் ஒட்டுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நல்ல வழி ஒன்று உள்ளது: எல்லா ஸ்தாயிகளிலும் டி கட்டையின் வடிவம் ஒன்றே. நீங்கள் அரிதாகத் தொடும் கடைசி ஸ்தாயியின் டி கட்டையைக் கழற்றி நடுவில் பொருத்துங்கள். முறிந்ததை அங்கே கொண்டு வையுங்கள். கோடியில் உள்ள சி கட்டைக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது; அதன் பக்கத்தில் கறுப்புக் கட்டை இல்லாததால் அது முழு அகலத்தில் செய்யப்பட்டிருக்கும். பிறகு ஆறுதலாக, அதே கட்டை அமைப்பைக் கொண்ட, திருத்த முடியாதபடி பழுதான ஒரு கருவியைத் தேடுங்கள். ஒரே நிறுவனம் பல மாடல்களில் ஒரே கட்டை அமைப்பைப் பயன்படுத்துவதால், மாடல் பெயரை மட்டும் பார்த்துத் தேடுவதைவிட, கட்டையின் உட்புறத்தைப் படமெடுத்து ஒப்பிட்டுத் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

சிவப்புப் பசை பற்றி: கட்டைக்குக் கனம் கொடுப்பதற்காக அடியில் சிறு உலோகத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். அக்காலத்தில் வந்த சில கருவிகளில், 1991இல் வெளியான ரோலண்ட் ஜே.டி.-800 அதில் பெயர்பெற்றது, அந்தப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல இளகி வழிந்து காண்டாக்டுகள்மேலும் போர்டின்மேலும் சொட்டுகிறது. உங்களுடையதும் அவ்வகையானால், கட்டையைச் சுத்தம் செய்வதை ஒத்திப்போட வேண்டாம். போர்டில் விழுந்த பசையை உடனே ஆல்கஹாலால் அகற்றுங்கள். கட்டைகளிலிருந்து பசையை நீக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பார்கள். அது தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடிய பொருள் என்பதால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அனுபவம் உள்ளவர் ஒருவரின் துணையோடு மட்டுமே செய்யுங்கள். பிறகு துண்டுகளை வேறு எப்பாக்சிப் பசையால் ஒட்டலாம்.

கோவை வாசகி: என் மகள் வாசித்துக்கொண்டிருந்தபோது சர்க்கரை போட்ட பால் கீபோர்டின்மேல் கொட்டிவிட்டது. துடைத்துவிட்டு வெயிலில் வைத்தேன். இப்போது நான்கு கட்டைகள் இறங்கினால் ஏறுவதில்லை.

பதில்: ஆன் செய்து பார்க்கும் ஆசையை முதலில் அடக்குங்கள். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் செம்புத் தடங்கள் மிக வேகமாக அரிக்கப்படுகின்றன. இனி யாருக்கேனும் இப்படி நேர்ந்தால், உடனே மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரிகளை எடுத்து, கட்டைகள் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துவிட வேண்டும்; திரவம் போர்டுக்கு இறங்குவதற்குள் வெளியே வடியும். கடும் வெயிலும் ஹேர் டிரையரின் சூடும் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும் என்பதால் நிழலில் மின்விசிறிக் காற்றே நல்லது.

சர்க்கரையும் பாலும் ஆல்கஹாலில் எளிதாகக் கரையமாட்டா. கட்டைகளைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். அவை வெறும் பிளாஸ்டிக் என்றால்தான் இது பொருந்தும். அடியில் மெத்தைத் துணி ஒட்டியிருந்தால் நனைக்காமல் துடைத்தெடுங்கள். போர்டை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் ஈரமாக்கிய துணியால் துடைத்து, அதன்பிறகு ஆல்கஹாலால் மறுபடி துடையுங்கள். கட்டைகள் உரசும் வழிகாட்டிகளில் பழைய கிரீஸ் பாலோடு கலந்து கெட்டியாகியிருக்கும். அதைச் சுரண்டியெடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸை மிகச் சிறிதளவு தடவுங்கள். கட்டை ஏறாததற்கு ஸ்பிரிங் நழுவியதும் காரணமாக இருக்கலாம். பால் விஷயத்தில் தாமதம் கூடாது. எறும்புகள் வாசனையறிந்து உள்ளே குடியேறிவிடும்.

சென்னை வாசகர்: 1970களின் அனலாக் சின்தசைசர் ஒன்று குடும்பச் சொத்தாக வந்தது. சில கட்டைகளை அழுத்தினால் ஒலி கரகரக்கிறது, சில நேரம் சுருதியே தாவுகிறது. இதிலும் ரப்பர்தானா?

பதில்: இல்லை. தயவுசெய்து மேலே சொன்னவற்றை இந்தக் கருவியில் அப்படியே செய்துவிட வேண்டாம். 1970இல் வெளிவந்த மினிமூக் போன்ற அக்காலக் கருவிகளில், ஒவ்வொரு கட்டைக்கும் வளைந்த மெல்லிய உலோகக் கம்பிகள் இருக்கும். கட்டையை அழுத்தும்போது அவை ஒரு நீண்ட உலோகத் தண்டைத் தொடும். எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதை, வரிசையாகக் கோக்கப்பட்ட மின்தடைகளில் எந்த இடத்தில் தொடுகை ஏற்பட்டது என்பதிலிருந்து பெறும் மின்னழுத்தமே தீர்மானிக்கிறது. அந்தத் தொடுகை அழுக்கானால் மின்னழுத்தம் நிலைகொள்ளாமல் சுருதி தாவுகிறது.

ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் தண்டை அதன் நீளவாக்கில் துடைப்பது பாதுகாப்பான தொடக்கம். கம்பிகளை வளைக்காதீர்கள், உப்புத்தாளை அருகில் கொண்டுவராதீர்கள், ஏனெனில் மேற்பூச்சு ஒருமுறை போனால் திரும்பாது. இவ்வகைக் கருவிகளில் மின்சாரப் பகுதி உள்ளேயே இருக்கிறது. அரை நூற்றாண்டு வயதான கெபாசிட்டர்கள் அதில் இருக்கலாம் என்பதால், துடைப்பதற்கு மேல் எதையும் பழைய அனலாக் கருவிகளை அறிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே முறை.

சேலம் வாசகர்: ஒரு கட்டையை விட்ட பிறகும் ஒலி நிற்பதில்லை. கட்டை பழுதா?

பதில்: எல்லாக் கட்டைகளுமே அப்படி நீண்டு ஒலித்தால், ஒலியை நீட்டுவதற்காகக் காலால் அழுத்தும் சஸ்டெய்ன் பெடலைப் பாருங்கள். பல கருவிகள் ஆன் ஆகும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையையே 'அழுத்தாத நிலை' என்று எடுத்துக்கொள்கின்றன. பெடல்மேல் கால் இருக்கும்போது ஆன் செய்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். காலை எடுத்துவிட்டு, அணைத்து ஆன் செய்தால் போதும். ஒரே கட்டை மட்டும் நிற்காமல் ஒலித்தால், அதன் ரப்பர் குமிழ் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பட்டை சரியாக உட்காரவில்லை.

வேலூர் வாசகர்: சர்வீஸ் சென்டரில் ஐந்து கட்டைகளுக்காகக் கட்டை வரிசை முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அவர்கள் சொல்வது சில நேரங்களில் நியாயமே. கட்டைகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்து வளைந்திருந்தாலோ, போர்டின் கார்பன் தடங்கள் பல இடங்களில் உரிந்திருந்தாலோ, கட்டைகளின் பின்பக்க இணைப்புகள் வரிசையாக முறியத் தொடங்கியிருந்தாலோ, ஒவ்வொன்றாகச் சரிசெய்து மாதந்தோறும் திறந்து மூடுவதைவிட முழுவதையும் மாற்றுவது நல்லது. ஆனால் ஐந்து கட்டைகளும் ஒரே ஸ்தாயியில் அருகருகே இருந்தால், அந்த ஒரு ரப்பர் பட்டையை மாற்றினால் தீரக்கூடிய வேலையாகவே பெரும்பாலும் இருக்கும்.

மாற்றச் சம்மதிப்பதற்கு முன் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள்: காண்டாக்டுகளைச் சுத்தம் செய்து பார்த்தார்களா, பட்டைகளை இடம் மாற்றிப் பார்த்தார்களா, அப்போது பழுது நகர்ந்ததா நின்றதா. இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் அவர்களை நம்பலாம். கிடைக்காவிட்டால், உங்கள் மாடலுக்குரிய ரப்பர் பட்டை மட்டும் வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பட்டையின் அடியில் அச்சிட்டிருக்கும் பாக எண்ணைக் குறித்துக் கொடுத்தால் தவறான பட்டை வருவதைத் தவிர்க்கலாம். முழு வரிசையையும் மாற்றினாலும், பழைய வரிசையைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதில் நல்ல நிலையில் இருக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டைகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும், உங்களுக்கோ அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவருக்கோ உதிரிப்பாகங்களாக உதவும்.